ரெக்கவரின் ஆன்டிபாடி: எந்தக் குப்பியை வாங்குவது?

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒரு எக்செல் பட்டியலோடு வந்து நின்றாள். "அக்கா, ரெக்கவரினுக்கு மட்டும் இருபதுக்கு மேல ஆன்டிபாடி இருக்கு. விலை கம்மியானதுல இருந்து வரிசைப்படுத்தி வச்சிருக்கேன். எதை ஆர்டர் போடட்டும்?" என்று கேட்டாள். ரெக்கவரின் என்பது விழித்திரையின் ஒளியேற்பி செல்களில் இருக்கும் ஒரு புரதம். அதைத் தேடிப் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் ஒளிரவைத்துக் காட்ட உதவுவதுதான் இந்த ஆன்டிபாடி. முயல் பாலிகுளோனல், சுண்டெலி மோனோகுளோனல், முயல் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் எல்லாம் அதில் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விற்பவரின் தளத்தில் இருந்து எடுத்து ஒட்டிய ஒரு பச்சைப் படம். அந்தப் படங்களை வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு விழித்திரை, அதில் பளிச்சென்று ஒளிரும் ஒரு பட்டை, அவ்வளவுதான்.

அவளிடம் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டேன். யாருடைய விழித்திரையில் போடப் போகிறாய்? அதே ஸ்லைடில் வேறு என்னென்ன ஆன்டிபாடி போடப் போகிறாய்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடலாம். அன்று அவளோடு பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விழித்திரையில் வேலை பார்க்கும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படும்.

முதலில் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம். அதன் குணம் தெரியாமல் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ரெக்கவரின் 23 கிலோடால்டன் எடையுள்ள சின்னப் புரதம். ஏறத்தாழ 200 அமினோ அமிலங்கள். கால்சியத்தைப் பிடிக்கும் ஈஎஃப்-ஹேண்ட் அமைப்புகள் நான்கு இருந்தாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் உண்மையில் கால்சியத்தைப் பிடிக்கின்றன. தொடக்க முனையில் மிரிஸ்டாயில் என்ற கொழுப்பு வால் ஒன்று உண்டு. கால்சியம் இல்லாதபோது அந்த வால் புரதத்துக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். கால்சியம் வந்து சேர்ந்ததும் வெளியே வந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் ஒளியேற்பி செல்லுக்குள் கால்சியம் அதிகம். அப்போது ரெக்கவரின், ரொடாப்சின் கைனேஸ் என்ற நொதியைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் கால்சியம் இறங்குகிறது, பிடி தளர்கிறது, கைனேஸ் போய், ஒளியைப் பிடிக்கும் புரதமான ரொடாப்சினை அணைக்கும் வேலையை ஆரம்பிக்கிறது.

1991இல் இந்தப் புரதத்துக்குப் பெயர் வைத்தவர்கள், வெளிச்சத்துக்குப் பிறகு செல் பழைய நிலைக்குத் திரும்ப இது குவானிலேட் சைக்லேஸ் என்ற நொதியைத் தூண்டி உதவுகிறது என்று நினைத்தார்கள். பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சைக்லேஸைத் தூண்டுவது இதுவல்ல, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜிகேப் என்ற வேறு புரதங்கள் என்று பிறகு தெரிந்தது. 1993இல் அந்த முடிவை அதே குழுவினர் வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறு இல்லை. ஜிகேப்1, ஜிகேப்2, ஹிப்போகால்சின், நியூரோகால்சின், வைலிப்1 எல்லாம் ரெக்கவரினின் உறவுகள். இவற்றில் சில விழித்திரையிலேயே வேறு செல்களில் இருக்கின்றன. ஆகவே ஒரு ஆன்டிபாடி ஒளிர்ந்துவிட்டது என்பதாலேயே அது பிடித்தது ரெக்கவரினைத்தான் என்று ஆகிவிடாது.

அதே 1991இல் இன்னொரு செய்தியும் வந்தது. புற்றுநோய் வந்த சிலருக்கு, குறிப்பாக நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் வந்தவர்களுக்கு, பார்வை வேகமாக மங்கிப்போகும். அவர்களுடைய ரத்தத்தில் விழித்திரையின் 23 கிலோடால்டன் புரதம் ஒன்றைத் தாக்கும் ஆன்டிபாடி இருப்பது 1987லேயே தெரிந்திருந்தது. அந்தப் புரதம் ரெக்கவரின்தான் என்று 1991இல் அடையாளம் கண்டார்கள். நாம் குப்பியில் காசு கொடுத்து வாங்கும் அதே பொருளை அந்த நோயாளிகளின் உடம்பு தானாகவே தயாரித்துக்கொண்டிருந்தது. நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை), புரதங்களை எடைப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் சோதிக்கும்போது பக்கத்து வரிசையில் நல்ல ரெக்கவரின் ஆன்டிபாடி ஒன்றை ஓடவிட்டு 23இல் கோடு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்த வேலைக்கு எந்தக் குப்பி என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

சரி, விழித்திரையில் இது எங்கே இருக்கிறது? ராட், கோன் என்ற இரண்டு வகை ஒளியேற்பிகளிலும் இருக்கிறது. செல் உடல், இன்னர் செக்மென்ட், சைனாப்ஸ் முனை என்று செல் முழுக்கப் பரவியிருக்கும். ஒளியைப் பிடிக்கும் வெளி முனையான அவுட்டர் செக்மென்டில் மட்டும் குறைவு. வெளிச்சத்தில் வைத்த விலங்கில் அங்கே இன்னும் குறையும். அவுட்டர் செக்மென்ட் மங்கலாக இருக்கிறது, ஆன்டிபாடி சரியில்லை என்று நல்ல குப்பியைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆன்டிபாடியின் தவறு இல்லை, புரதம் அங்கே இருப்பதே அவ்வளவுதான்.

அடுத்தது, எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழும் இடம். ரெக்கவரின் ஒளியேற்பிகளில் மட்டும் இருப்பதில்லை. ஒளியேற்பியிடம் இருந்து செய்தியை வாங்கி உள்ளே கடத்தும் சில கோன் பைபோலார் செல்களிலும் உண்டு. சுண்டெலியில் டைப் 2 என்ற ஆஃப் பைபோலார், எலியில் அதோடு டைப் 8, குரங்கில் பிளாட் மிட்ஜெட் பைபோலார். முனைவர் பட்டத்தின் இரண்டாவது வருடத்தில் எனக்கு இது தெரியாது. ஒளியேற்பிகள் அழிந்துகொண்டிருக்கும் ஒரு சுண்டெலி விழித்திரையில் ஒளியேற்பிகளுக்கு அடுத்து உள்ளே இருக்கும் உள் கரு அடுக்கில் ரெக்கவரின் செல்கள் பளிச்சென்று நிற்பதைப் பார்த்ததும், தப்பிப் பிழைத்த ஒளியேற்பிகள் உள்ளே நகர்ந்து வந்திருக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் எண்ணினேன், வரைபடம் போட்டேன், ஆய்வகக் கூட்டத்தில் காட்டினேன். பின் வரிசையில் இருந்த போஸ்ட்டாக் ஒருவர், "நார்மல் ரெட்டினாவில் அதே லேயரைப் பார்த்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். போய்ப் பார்த்தேன். அதே செல்கள், அதே எண்ணிக்கை, அதே இடம். ஆன்டிபாடி சொன்னது உண்மைதான், நான்தான் அதைத் தவறாகப் படித்திருந்தேன். அன்றிலிருந்து எந்த ரெக்கவரின் ஆன்டிபாடியை மதிப்பிட்டாலும் இந்தப் பைபோலார் செல்களைத்தான் முதலில் தேடுவேன். நல்ல ஆன்டிபாடியாக இருந்தால் அவை தெரிந்தே ஆக வேண்டும்.

இப்போது மூன்று வகைக் குப்பிகளுக்கு வருவோம்.

முயல் பாலிகுளோனல்தான் இந்தத் துறையின் பழைய உழைப்பாளி. மனித ரெக்கவரினை ரீகாம்பினன்ட் முறையில், அதாவது அதன் ஜீனை வேறு செல்லில் போட்டுத் தயாரித்து முயலுக்குச் செலுத்தி எடுத்தது. ஏபி5585 என்ற எண்ணோடு கட்டுரைக்குக் கட்டுரை வருவது இந்த வகைதான். இதன் பலம் எளிமையானது. ஒரே புரதத்தின் பல இடங்களைப் பல ஆன்டிபாடிகள் சேர்ந்து பிடிக்கின்றன. திசு கெடாமல் இருக்க ரசாயனத்தில் ஃபிக்ஸ் செய்யும்போது ஒன்றிரண்டு இடங்கள் மறைந்துபோனாலும் மிச்சம் கைகொடுக்கும். நீங்கள் 4% பாராஃபார்மால்டிஹைடில் கண்ணை அரை மணி நேரம் வைத்தாலும் சரி, மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டுவிட்டாலும் சரி, ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும். இனம் மாறினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். சுண்டெலி, எலி, குரங்கு, மனிதர் எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி போதும். புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்கு இது சாதாரண வசதி இல்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பல ஆன்டிபாடிகளின் கலவை என்பதால், அதில் சில உறவுக்காரப் புரதங்களையும் பிடிக்கலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி. ஒரு முயலின் ரத்தம் தீர்ந்துவிட்டால் அடுத்த முயல். எண் அதேதான், பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. ஒருமுறை எங்களுக்கு வந்த புது லாட்டில் நரம்பிழைகள் பின்னிக் கிடக்கும் உள் பின்னல் அடுக்கு முழுக்கப் புகை மாதிரி ஒரு பின்னணி ஒளி. நான்கு வாரம் எங்கள் பஃபரையும் ஃபிக்ஸேட்டிவையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஃப்ரீசரில் மிச்சமிருந்த பழைய லாட்டின் பத்து மைக்ரோலிட்டரை அதே ஸ்லைடு வரிசையில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பத்து மைக்ரோலிட்டர் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை வாரம் தேடியிருப்போமோ. அதனால்தான் எந்தக் குப்பி வாங்கினாலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, லாட் எண்ணை எழுதி, மைனஸ் 20இல் வைத்துவிடச் சொல்கிறேன்.

இன்னொரு ஆபத்து, பாலிகுளோனல் ஒரு நாள் சந்தையிலிருந்தே மறைந்துவிடலாம். 2016இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆன்டிபாடி நிறுவனம் விலங்கு நலச் சட்ட வழக்கில் 35 லட்சம் டாலர் கட்டிச் சமரசமானது. அதோடு விலங்குகளில் இருந்து ஆன்டிபாடி எடுப்பதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. விழித்திரைக்காரர்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்த சில ஆட்டு பாலிகுளோனல்கள் அதோடு போயின. குப்பியை ஃப்ரீசரில் சேமித்து வைத்திருந்த ஆய்வகங்கள் அதைப் பொக்கிஷம் மாதிரி பாதுகாத்தன.

சுண்டெலி மோனோகுளோனல் இரண்டாவது வகை. ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும், ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து உருவாக்கிய ஒரே ஹைப்ரிடோமா செல் வரிசையில் இருந்து வரும். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த முறை. கேட்கும்போது இதுதான் சுத்தமானது என்று தோன்றும். ஆனால் சுண்டெலி விழித்திரையில் இதைப் போடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஆன்டிபாடியும் சுண்டெலியுடையது, திசுவும் சுண்டெலியுடையது. செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி, போய் திசுவின் ரத்த நாளங்களில் இருக்கும் சொந்த ஐஜிஜி ஆன்டிபாடியையும் சேர்த்துப் பிடிக்கும். படத்தில் நாளங்கள் எல்லாம் கோடு கோடாக ஒளிரும். விலங்கின் ரத்தத்தைப் பஃபர் செலுத்தி வெளியேற்றலாம், ஃபேப் என்ற ஆன்டிபாடித் துண்டுகள் போட்டு மறைக்கலாம். இரண்டும் செய்யக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கூடுதல் வேலை, பெரும்பாலும் அது தேவையே இல்லாத வேலை. மனிதக் கண், குரங்குக் கண், மனித ஸ்டெம் செல்லில் வளர்த்த விழித்திரை ஆர்கனாய்டு இவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே சுண்டெலி மோனோகுளோனல் நல்ல தேர்வு. முயல் ஆன்டிபாடிகளோடு சேர்த்துப் போட அதைவிட வசதியான துணை இல்லை.

மோனோகுளோனல் என்றாலே ஒரே ஆன்டிபாடி என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2018இல் 185 ஹைப்ரிடோமாக்களை எடுத்து வரிசை படித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் கூடுதலான ஆன்டிபாடிச் சங்கிலிகள் இருந்தன. அந்த அளவுக்கு அவை கலப்படம்தான்.

மூன்றாவது வகை, முயல் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல். ஆன்டிபாடியின் ஜீன் வரிசை தெரியும். அதைச் செல்களில் போட்டுத் தயாரிக்கிறார்கள். முயல் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை, இன்றைய லாட்டும் ஐந்து வருடம் கழித்து வரும் லாட்டும் ஒன்றாக இருக்கும். 2015இல் பிராட்பரியும் ப்ளூக்துன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் கையெழுத்தோடு எழுதிய கோரிக்கையே இதுதான். வரிசை தெரிந்த ஆன்டிபாடிகளுக்கு எல்லோரும் மாற வேண்டும் என்றார்கள். கொள்கையளவில் நான் முழுக்க அவர்கள் பக்கம்.

நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது. இதுவும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடம் ஃபிக்ஸ் செய்யும்போது மறைந்துவிட்டால் படம் முழுக்க இருட்டு. பாரஃபின் மெழுகில் பதித்த வெட்டுகளுக்கென்று சோதித்த குளோன், திசுவை உறையவைத்து வெட்டும் கிரையோ வெட்டில் வேலை செய்யாமல் போகலாம், அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். பாரஃபினில் பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் சூடாக்கி மறைந்த இடத்தை வெளியே கொண்டுவரும் வழக்கம் உண்டு. சில குளோன்கள் அந்தச் சூட்டை எதிர்பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே இந்த வகையை வாங்கும்போது உங்கள் திசு எப்படித் தயாராகிறதோ அதே முறையில் அவர்கள் சோதித்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெஸ்டர்னில் அழகான கோடு காட்டுவது ஸ்லைடுக்கு உத்தரவாதம் இல்லை. வெஸ்டர்னில் புரதம் பிரிந்து நீண்டு கிடக்கும், ஸ்லைடில் மடிந்து, ஃபார்மால்டிஹைடால் கட்டுண்டு கிடக்கும். ரெக்கவரினோ கால்சியத்தைப் பொறுத்து உருவம் மாற்றும் புரதம். இம்யூனோபிரெசிபிடேஷன் மாதிரி, புரதம் மடிந்த நிலையிலேயே இருக்கும் சோதனைகளில் பஃபரில் கால்சியத்தைப் பிடித்து விலக்கும் இடிடிஏ இருக்கிறதா கால்சியம் இருக்கிறதா என்பதைக்கூட எழுதி வையுங்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. பக்கத்தில் என்ன போடப் போகிறீர்கள்?

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ரெக்கவரின் ராட், கோன் இரண்டையும் சேர்த்தே காட்டும், பிரித்துக் காட்டாது. பிரிக்க வேண்டுமானால் கூட இன்னொன்று தேவை. ராடுக்கு ரொடாப்சின் என்றால் கவலையே இல்லை. ராபர்ட் மோல்டேயின் ஆய்வகத்தில் உருவான 1டி4, 4டி2 இரண்டும் சுண்டெலி மோனோகுளோனல்கள். 1டி4 ரொடாப்சினின் கடைசி ஒன்பது அமினோ அமிலங்களைப் பிடிக்கும். ரெக்கவரினுக்கு முயல், ரொடாப்சினுக்குச் சுண்டெலி, செகண்டரி இரண்டு நிறம், வேலை முடிந்தது. சுண்டெலித் திசுவில் முன்பு சொன்ன நாள ஒளி இங்கேயும் வரும், ஆனால் ரொடாப்சின் அடர்ந்திருக்கும் அவுட்டர் செக்மென்ட் தனி அடுக்கு என்பதால் குழப்பாது. ரொடாப்சின் அவுட்டர் செக்மென்டில் அடர்த்தி, ரெக்கவரின் அதற்குக் கீழே அடர்த்தி என்பதால் படமும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஆனால் கோனுக்கு நம்மில் பலர் பயன்படுத்தும் கோன் அரெஸ்டின் ஆன்டிபாடியும் முயல், சிவப்பு-பச்சை ஆப்சின் ஆன்டிபாடியும் முயல். முயல் ரெக்கவரினையும் முயல் கோன் அரெஸ்டினையும் ஒரே ஸ்லைடில் சாதாரண முறையில் போட முடியாது. செகண்டரிக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கேதான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். குப்பி வந்து, டைல்யூஷன் (எத்தனை மடங்கு நீர்ப்பது) எல்லாம் பார்த்து முடித்த பிறகு கோனையும் சேர்த்துக் காட்டச் சொல்லி வழிகாட்டி கேட்பார். அப்புறம் புதுக் குப்பிக்கு ஆர்டர் போட்டு, அது ஐஸில் வந்து சேரும் வரை மறுபடியும் காத்திருப்பு. முன்கூட்டியே யோசித்தால் ரீகாம்பினன்ட் வகையில் நிறம் நேரடியாகவே ஒட்டிய குப்பியை வாங்கலாம், அல்லது நிறமில்லாத, கலவைப் புரதம் சேர்க்காத வடிவத்தை வாங்கி ஆய்வகத்திலேயே நிறம் ஒட்டலாம். செகண்டரி இல்லாததால் ஒளி கொஞ்சம் குறையும். ஆனால் ரெக்கவரின் ஒளியேற்பியில் ஏராளமாக இருக்கும் புரதம், அந்தக் குறைவைத் தாங்கும். அளவில் குறைந்த புரதமாக இருந்தால் இந்த யோசனையைச் சொல்லவே மாட்டேன்.

செலவைப் பார்ப்போம். குப்பியின் விலையைப் பார்த்துப் பயப்படும் பலர் டைல்யூஷனைப் பார்ப்பதில்லை. 100 மைக்ரோலிட்டர் குப்பியை 1:1000 என்று போட்டால் மொத்தம் 100 மில்லிலிட்டர் கிடைக்கும். ஸ்லைடுக்கு 200 மைக்ரோலிட்டர் வைத்தால் 500 ஸ்லைடு. அதே அளவு குப்பி 1:100இல்தான் வேலை செய்யும் என்றால் 10 மில்லிலிட்டர், 50 ஸ்லைடுதான். விலை பாதியாக இருந்தாலும் இரண்டாவது குப்பிதான் ஐந்து மடங்கு அதிகச் செலவு வைக்கும். விழித்திரையை வெட்டாமல் முழுதாக விரித்து மூன்று நாள் 4 டிகிரியில் ஊறவைக்கும் வேலைக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஒவ்வொரு கண்ணுக்கும் கூடுதல் அளவு செலவாகும்.

மீன் பிடிப்பவர்களுக்கு, அதாவது ஜீப்ரா மீனில் வேலை செய்பவர்களுக்கு, ஒரு எச்சரிக்கை. அதில் ரெக்கவரின் ஜீன் ஒன்றுக்கு மேல் உண்டு. மனித ரெக்கவரினுக்கு எடுத்த ஆன்டிபாடி அவற்றில் எதைப் பிடிக்கிறது என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

ரெக்கவரின்தானா தேவை என்பதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். ஹாரிசான்டல் செல்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கால்பைண்டின் போதும். சுண்டெலியின் உள் பின்னல் அடுக்கை மூன்று கோடுகளாகப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் கால்ரெட்டினின். இவையும் கால்சியத்தைப் பிடிப்பவைதான், ஆனால் கேள்வி வேறு. ஒளியேற்பி அடுக்கின் தடிமன் மட்டும்தான் கேள்வி என்றால் செல் கருவை ஒளிரவைக்கும் டாபி சாயமே போதும், ஆன்டிபாடியே வேண்டாம். ரெக்கவரின் தன் மதிப்பைக் காட்டுவது, அது ஒளியேற்பிதானா என்ற சந்தேகம் வரும் இடங்களில். ரொடாப்சின் வருவதற்கு முன்பே ரெக்கவரின் வந்துவிடும் என்பதால் வளரும் ஆர்கனாய்டுகளில் எல்லோரும் இதைத்தான் நாடுகிறார்கள். ஒளியேற்பி செல்களை விலங்கின் கண்ணில் செலுத்தும் மாற்று ஆய்வுகளில் மட்டும் இதைத் தனியாக நம்ப வேண்டாம். செலுத்திய செல்லுக்கும் அந்த விலங்கின் சொந்தச் செல்லுக்கும் இடையே புரதங்கள் கைமாறுகின்றன என்று 2016இல் பல குழுக்கள் காட்டின. ஆகவே ரெக்கவரின் ஒளிர்வதை மட்டும் வைத்து அந்தச் செல் யாருடையது என்று சொல்ல முடியாது.

சோதிப்பது எப்படி? ரெக்கவரின் ஜீன் நீக்கிய சுண்டெலி இருக்கிறது, அதன் விழித்திரை ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் எஃப்விபி சுண்டெலி பல விலங்குக் கூடங்களில் இருக்கும், வேற்று ஜீன் புகுத்தும் டிரான்ஸ்ஜெனிக் வேலைக்காக வளர்ப்பார்கள். இந்த இனத்தில் பிடிஇ6பி ஜீனில் ஆர்டி1 என்ற பிறழ்வு இயல்பாகவே உண்டு. பிறந்து மூன்று நான்கு வாரத்தில் ராடுகள் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம் கோன்களும் உள் அடுக்குகளும். சரியான ரெக்கவரின் ஆன்டிபாடி அங்கே மிச்சமிருக்கும் கோன்களையும் டைப் 2 பைபோலார்களையும் மட்டும் காட்ட வேண்டும். மற்ற எல்லாம் ஒளிர்ந்தால் அந்தக் குப்பியை நம்பாதீர்கள். வெஸ்டர்னில் விழித்திரைக்குப் பக்கத்தில் கல்லீரல் ஒரு வரிசை வைத்தால் அது வெறுமையாக இருக்க வேண்டும். பைனியல் சுரப்பி கிடைத்தால் அதையும் வையுங்கள், அங்கே ரெக்கவரின் உண்டு. சின்னப் புரதம் என்பதால் 0.2 மைக்ரான் மெம்பிரேன் எடுத்துக்கொள்வது நல்லது, நீண்ட நேரம் டிரான்ஸ்பர் செய்தால் மறுபக்கம் போய்விடும். ஆன்டிபாடியை அதன் சொந்தப் புரதத்தோடு கலந்து ஒளி மறைகிறது என்று காட்டுவதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். உறவுப் புரதத்தைத் தவறாகப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அந்தச் சோதனையில் அப்படியே மறைந்துவிடும்.

இவ்வளவையும் வைத்து நான் எங்கே நிற்கிறேன்? சுண்டெலி விழித்திரையில் ஒன்றிரண்டு வருட வேலை, கூடச் சேர்வது ரொடாப்சின் மட்டும் என்றால் முயல் பாலிகுளோனலையே வாங்குங்கள். ஒரே லாட்டில் இரண்டு குப்பியாக வாங்கினால் பாதியில் லாட் மாறும் தொல்லை இருக்காது. ஐந்து வருடத் திட்டம், பல ஆட்கள், பல நிறங்கள் என்றால் ரீகாம்பினன்ட்தான். முதலில் சிறிய அளவுக் குப்பியை எடுத்து உங்கள் ஃபிக்ஸேஷனில் சோதித்த பிறகு பெரியது. சுண்டெலி மோனோகுளோனலை மனிதத் திசுவுக்கும் ஆர்கனாய்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கண் வங்கியில் இருந்து வரும் மனித விழித்திரையில் நிறமி எபிதீலியத்தின் லிபோஃபூசின் என்ற கழிவுப் பொருள் தானாகவே ஒளிரும், அதனால் அங்கே தொலைசிவப்பு நிறச் செகண்டரிக்கு மாறுவதும் நல்லது. நோயாளி சீரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் ஒப்பீட்டு வரிசைக்கு, முன்பு சொன்னேனே, அதற்கும் ரீகாம்பினன்ட்தான் என் தேர்வு. ஒரு மனிதரின் நோய் பற்றிய முடிவு பக்கத்தில் இருக்கும்போது, லாட்டுக்கு லாட் மாறும் பொருளை அளவுகோலாக வைக்க எனக்கு மனம் வராது.

அந்த மாணவிக்கு வேண்டியது சுண்டெலி, கிரையோ வெட்டு, அடுத்த வருடம் கோன் அரெஸ்டின். ஆகவே ரீகாம்பினன்ட் முயல் குளோன் ஒன்றின் சிறிய குப்பிக்கு ஆர்டர் போட்டோம். எங்கள் பழைய பாலிகுளோனலின் மிச்சத்தை ஒப்பிட எடுத்து வைத்தோம். குப்பி வந்த அன்றே ஐந்து ஐந்து மைக்ரோலிட்டராகப் பிரித்தாள், ஒவ்வொரு டியூபிலும் லாட் எண்ணையும் தேதியையும் எழுதினாள். போன வெள்ளிக்கிழமை முதல் ஸ்லைடுகள் தயாராயின. இடது பக்கம் சாதாரண சுண்டெலி, வலது பக்கம் எஃப்விபி. இடதில் ஒளியேற்பிகளின் வெளி கரு அடுக்கு முழுக்கப் பச்சை. வலதில் அந்த அடுக்கு இருந்த இடத்தில் சிதறிய சில கோன்கள், அதற்குக் கீழே ஒழுங்கான இடைவெளியில் ஒரு வரிசை பைபோலார் செல்கள். நாளங்கள் இருட்டாக இருந்தன. அவள் மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, டைப் டூ" என்றாள்.